கோடு மாறினால் கணக்கும் மாறும்

(பாறசாலையை அடுத்த எல்லைக் கிராமம் ஒன்றில் நடந்த சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொகுதி மறுவரையறை பற்றிப் பேச வேண்டும் என்று கிளைச் செயலாளர் சொன்னார். கூலி, ரேஷன், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி என்று எத்தனையோ கவலைகள் இருக்க, வரைபடத்தில் யாரோ போடும் கோட்டைப் பற்றி நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் கோட்டின் மகிமை இந்த எல்லைக் கிராமங்களில் வாழும் நமக்குத் தெரிந்ததுபோல வேறு யாருக்குத் தெரியும்? இஞ்சிவிளையில் நின்று ஒரு பீடி பற்றவைத்து, அது அணைவதற்குள் களியக்காவிளைக்குப் போய்விடலாம். ஆனால் இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் வேறோர் அரசு. ரேஷன் கார்டு வேறு, பள்ளிக்கூடப் பாடம் வேறு, அலுவலகத்தின் மொழி வேறு. அத்தனையும் ஒரு கோடு செய்த வேலை.

மாநிலக் கோடு 1956இல் போடப்பட்டது. அது இனி எளிதில் நகராது. ஆனால் தொகுதிக் கோடு நகரக்கூடியது. நகர்ந்திருக்கிறது. இனியும் நகரும். அப்படி நகரும்போது நம்மிடம் பலர் பல கணக்குகளைச் சொல்வார்கள். "இந்தத் தொகுதி எப்போதும் எங்கள் கோட்டை" என்பார் ஒருவர். "போன தடவை உங்கள் ஆட்கள் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்" என்பார் இன்னொருவர். "தமிழ் ஓட்டு கரைந்துபோயிற்று, இனி உங்களுக்கு எதற்கு வேட்பாளர், எதற்குப் பள்ளி?" என்று கேட்கவும் ஆள் இருக்கும். இந்தக் கணக்குகளில் எது மெய், எது பொய் என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஓட்டு மாறாமலே முடிவு மாறும்

முதலில் ஒரு சிறு கணக்கு. இது நான் கற்பனையாகச் சொல்வது. ஊரும் பொய், சின்னமும் பொய். கணக்கு மட்டும் மெய்.

ஒரு தொகுதியில் மூன்று ஊர்கள். கிழக்கூர், நடுவூர், மேற்கூர். போட்டி குடைச் சின்னத்துக்கும் விளக்குச் சின்னத்துக்கும். கிழக்கூரில் குடைக்கு 9,000, விளக்குக்கு 6,000. நடுவூரில் குடைக்கு 7,000, விளக்குக்கு 7,500. மேற்கூரில் குடைக்கு 6,000, விளக்குக்கு 8,000. கூட்டிப் பாருங்கள். குடைக்கு 22,000. விளக்குக்கு 21,500. ஐந்நூறு ஓட்டில் குடை ஜெயித்தது.

இப்போது கோட்டை மாற்றுகிறார்கள். கிழக்கூரை அடுத்த தொகுதிக்குத் தள்ளிவிட்டு, தெற்கூரை இங்கே சேர்க்கிறார்கள். தெற்கூரில் அதே தேர்தலில் குடைக்கு 5,000, விளக்குக்கு 9,000 விழுந்திருந்தது. தொகுதியின் பெயரில் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் புதிய எல்லைக்குள் பழைய ஓட்டைக் கூட்டினால் குடைக்கு 18,000, விளக்குக்கு 24,500. ஒரு மனிதர்கூடத் தன் ஓட்டை மாற்றவில்லை. ஆனாலும் ஐந்நூறில் ஜெயித்த குடை 6,500 ஓட்டில் பின்தங்கிவிட்டது.

அடுத்த தேர்தல் வருகிறது. விளக்குக்கு 23,000, குடைக்கு 20,000. மறுநாள் பத்திரிகையில் என்ன தலைப்பு வரும்? "குடையிடமிருந்து தொகுதியைப் பறித்தது விளக்கு!" ஆனால் நடந்தது என்ன? 6,500 ஓட்டு முந்தியிருக்க வேண்டிய விளக்கு 3,000 ஓட்டுதான் முந்தியது. விளக்கு தேய்ந்திருக்கிறது, குடை வளர்ந்திருக்கிறது. தலைப்பு உண்மைக்கு நேர் எதிராக இருக்கிறது. குடைக்காரர் தோற்ற கோபத்தில் நடுவூர் மக்களைத் துரோகி என்கிறார். நடுவூரோ முன்பு போட்டதைவிடக் கூடுதலாகவே அவருக்குப் போட்டிருக்கலாம்!

இதற்குத்தான் மதிப்பீட்டு முடிவு என்ற கணக்கு வேண்டியிருக்கிறது. பழைய தேர்தலின் ஓட்டுகளைப் புதிய எல்லைக்குள் வைத்துக் கூட்டி, "இந்த எல்லை அன்றே இருந்திருந்தால் யார் முந்தியிருப்பார்?" என்று பார்ப்பது. அதை வைத்துத்தான் அடுத்த முடிவை ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தட்டில் வைத்து எண்ணிய கதையாகிவிடும்.

பிரிட்டனில் எப்படிச் செய்கிறார்கள்?

இந்தக் கணக்கில் நெடுநாள் பழக்கம் உள்ள நாடு பிரிட்டன். அங்கே 1983இல் தொகுதிகள் மாறியபோதே, பழைய ஓட்டைப் புதிய எல்லையில் கணக்கிட்டு ஒளிபரப்பு நிறுவனங்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார்கள். பிறகு காலின் ராலிங்ஸ், மைக்கேல் திராஷர் என்ற இரு பேராசிரியர்கள் இதில் பேர்பெற்றார்கள். கடைசியாக 2024 ஜூலை 4 தேர்தலுக்கு முன் எல்லாத் தொகுதிகளையும் திருத்தினார்கள். மொத்தம் 650. ஒரு தொகுதிக்குச் சராசரி 73,393 வாக்காளர்கள். மிகக் குறைந்தால் 69,724, மிக அதிகமானால் 77,062. ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு மட்டும் விலக்கு. இந்தச் சமன் கணக்கால் வேல்ஸ் நாட்டின் 40 தொகுதிகள் 32 ஆயின. இங்கிலாந்தின் 533, 543 ஆயிற்று.

2019 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி பெற்றது 365 இடங்கள். அதே ஓட்டைப் புதிய எல்லையில் கூட்டியபோது 372 என்று கணக்கு வந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சி 11 இடம் பெற்றிருந்தது. புதிய எல்லையில் அது 8 ஆகச் சுருங்கியது. ஓர் ஓட்டும் மாறாமல் ஒரு கட்சிக்கு ஏழு கூடுகிறது, மற்றொன்றுக்கு மூன்று குறைகிறது. 2024இல் யார் எத்தனை இடம் இழந்தார்கள், பெற்றார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னதெல்லாம் இந்த மதிப்பீட்டை அடிப்படையாக வைத்துத்தான்.

அங்கே இது லேசான வேலையில்லை. ஒரு தொகுதியின் ஓட்டுச் சீட்டுகளைக் கலந்துவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். எந்த வட்டாரத்தில் யாருக்கு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு வட்டாரத்தைப் பிரித்து எடுப்பது எப்படி? உள்ளாட்சித் தேர்தல் முடிவு வட்டார வாரியாகக் கிடைக்கும். அதை அளவுகோலாக வைத்து, நாடாளுமன்ற ஓட்டு அந்த வட்டாரங்களில் இப்படித்தான் பரவியிருக்கும் என்று பிரிக்கிறார்கள். உள்ளாட்சியில் மக்கள் வேறு விதமாகப் போடுவார்கள், சுயேச்சைகள் நிற்பார்கள், ஓட்டுப் போட வருவோரும் குறைவு. அதற்கெல்லாம் திருத்தம் செய்து, கடைசியில் மொத்தம் தொகுதியின் மெய்யான முடிவோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறார்கள். ஆகவே அது மதிப்பீடுதான், சத்தியப் பிரமாணம் அல்ல. அதைச் செய்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் மண்ணில் நடந்த கணக்கு

தோழர்களே, சீமைக் கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

1956க்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை எல்லாம் ஒரே திருவனந்தபுரம் மாவட்டத்தின் தாலுகாக்கள். தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மார்ஷல் நேசமணி அதன் முன்னணித் தலைவர். கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், செங்கோட்டையும் இருந்தன. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அந்தத் தியாகத்தை நாம் மறக்கவில்லை.

அந்த இயக்கம் தெருவில் மட்டுமல்ல, ஓட்டுப் பெட்டியிலும் தன் பலத்தைக் காட்டியது. 1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் அதற்கு 8 இடங்கள். 1954இல் 117 பேர் கொண்ட சபையில் 12 இடங்கள். "மக்களின் விருப்பம் இதோ" என்று சொல்ல அந்த எண்ணிக்கை உதவியது. 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இங்கேயே நின்றது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருந்த தாலுகா எல்லை மாநில எல்லை ஆயிற்று. மாமன் வீடு அந்தப் பக்கம், மருமகன் வீடு இந்தப் பக்கம்.

இந்தக் கோட்டைப் போட்ட பிறகு கேரளத்தின் அரசியல் கணக்கே மாறியது. தெற்கே இருந்த தமிழ்த் தாலுகாக்கள் போயின. வடக்கே மலபாரும் காசர்கோடும் வந்தன. 1954இல் திருவிதாங்கூர்-கொச்சியில் கம்யூனிஸ்டுகளுக்கு இருந்தது 23 இடங்கள். அதே 1954இல் மலபார் ஜில்லா போர்டைக் கம்யூனிஸ்டுகள் பிடித்திருந்தார்கள். 1957 தேர்தலில் 126 இடங்களில் 60 இடங்களைக் கம்யூனிஸ்டுக் கட்சி வென்றது. ஆதரவு சுயேச்சைகளோடு 65. ஏப்ரல் 5ஆம் தேதி இ.எம்.எஸ். முதலமைச்சரானார். உலகமே வியந்தது. அதில் மக்கள் மனம் மாறியதற்கு நிச்சயம் பெரிய பங்கு உண்டு. ஆனால் எல்லை மாறியதற்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 1954இன் 23ஐயும் 1957இன் 60ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கணக்காகாது. சபை வேறு, நிலம் வேறு, மக்கள் வேறு.

இந்தப் பக்கம் நின்றுபோன நெய்யாற்றின்கரைத் தமிழருக்கு அந்தக் கோடு இன்னொன்றும் செய்தது. மாநிலம் பிரிந்ததும் இயக்கத்தின் பெரும் பலம் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. மிஞ்சிய சிலர் எண்ணிக்கையில் சிறுபான்மை ஆனார்கள். அவர்கள் மனம் மாறியதால் அல்ல, கோடு மாறியதால். "உங்களுக்கு இங்கே பலமில்லை" என்று சொல்பவருக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

பெயர் அதே, தொகுதி வேறு

அடுத்து அண்மைக் காலத்துக்கு வருவோம். நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த மறுவரையறை ஆணையம் 2001 சென்சஸை அடிப்படையாக வைத்துக் கோடுகளைத் திருத்தியது. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் 140 இடம் அப்படியே இருந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 14 இடமும் அப்படியே. ஆனால் உள்ளே எல்லாம் கலைந்தது. ஆரியநாடு, கிளிமானூர், திருவனந்தபுரம் வடக்கு, கிழக்கு, மேற்கு என்ற தொகுதிகள் மறைந்தன. காட்டாக்கடை, வட்டியூர்க்காவு, அருவிக்கரை, சிறையின்கீழ், திருவனந்தபுரம் என்று புதியவை பிறந்தன.

பாறசாலை, நெய்யாற்றின்கரை என்ற பெயர்கள் மட்டும் தப்பின. பெயர் தப்பியதால் தொகுதியும் பழையதே என்று பலர் நினைத்துவிட்டார்கள். புதிய ஆணைப்படி பாறசாலை, கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை, பெருங்கடவிளை, ஆரியங்கோடு, ஒற்றசேகரமங்கலம், கள்ளிக்காடு, அம்பூரி பஞ்சாயத்துகள் பாறசாலைத் தொகுதி. நெய்யாற்றின்கரை நகராட்சியும் அதியன்னூர், செங்கல், காரோடு, குளத்தூர், திருப்புறம் பஞ்சாயத்துகளும் நெய்யாற்றின்கரைத் தொகுதி. எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டால் மலைப்பக்கத்தார் ஒரு தொகுதி, கடற்பக்கத்தார் வேறு தொகுதி.

2006இல் பாறசாலையில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆர். செல்வராஜ் வென்றார். 2011இல் பாறசாலையில் காங்கிரசின் ஏ.டி. ஜார்ஜ் வென்றார். அதே 2011இல் செல்வராஜ் நெய்யாற்றின்கரையில் நின்று வென்றார். "பாறசாலை மக்கள் ஐந்து வருஷத்தில் கட்சி மாறிவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "எந்தப் பாறசாலை?" என்று கேளுங்கள். 2006இன் பாறசாலையும் 2011இன் பாறசாலையும் ஒன்றல்ல. பழைய ஓட்டைப் புதிய எல்லையில் கூட்டிப் பார்த்த பிறகுதான் மனம் மாறியதா, மண் மாறியதா என்று சொல்ல முடியும்.

அதிலும் 2011இல் பாறசாலையில் வெற்றி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 505 ஓட்டு. ஒரு வாக்குச்சாவடியில் ஆயிரம் பேருக்கு மேலும் பெயர் இருக்கும். ஒரு சாவடியை இந்தப் பக்கம் தள்ளினாலோ அந்தப் பக்கம் இழுத்தாலோ எம்.எல்.ஏ. மாறிப்போகக்கூடிய இடம் இது. கோடு போடுபவரின் பேனா ஒரு நூல் நகர்ந்தால் போதும்.

இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. 2012இல் செல்வராஜ் பதவியை விட்டுக் காங்கிரசில் சேர்ந்து, அதே நெய்யாற்றின்கரையில் ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் மறுபடியும் வென்றார். பாரதிய ஜனதாவின் ஓ. ராஜகோபால் 30,000க்கு மேல் ஓட்டுப் பெற்றார். முந்தைய ஆண்டு அக்கட்சி வாங்கியதைப்போல அது பல மடங்கு. 2011க்கும் 2012க்கும் நடுவே கோடு ஒரு அங்குலமும் நகரவில்லை. ஆகவே அங்கே மாறியது மக்களின் ஓட்டுதான். இதைத் துணிந்து சொல்லலாம். எல்லை மாறாதபோது ஒப்பிடலாம், மாறியபோது கணக்கைத் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும். இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும், பாதி ஏமாற்று வேலை எடுபடாது.

நாடாளுமன்றத்துக்கும் இதே கணக்கு. திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் ஏழு சட்டமன்றப் பகுதிகள். 2014இல் சசி தரூர் 15,470 ஓட்டில் ராஜகோபாலை வென்றார். அன்று கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம், நேமம் ஆகிய நான்கிலும் ராஜகோபால் முந்தினார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் மூன்றிலும் தரூர் முந்தினார். இந்த மூன்றை வேறு மக்களவைத் தொகுதியில் வைத்திருந்தால் கூட்டல் என்னவாகியிருக்கும் என்று நீங்களே சொல்லலாம். நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. நம் கிராமங்கள் எந்தக் கோட்டுக்குள் இருக்கின்றன என்பதில் தலைநகரத்தின் எம்.பி. யார் என்பதே அடங்கியிருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கோடு வேறாக இருந்திருந்தால் கட்சிகள் வேறு வேட்பாளரை நிறுத்தியிருக்கும், பிரசாரம் வேறாக இருந்திருக்கும், மக்களும் வேறு விதமாக யோசித்திருப்பார்கள். மதிப்பீட்டுக் கணக்கு விழுந்த ஓட்டை மட்டுமே கூட்டும். விழாமல் போனதையும் விழுந்திருக்கக்கூடியதையும் அது அறியாது.

சாவடிக் கணக்கு: வசதியும் ஆபத்தும்

நம் நாட்டில் இந்தக் கணக்கைப் போடுவது பிரிட்டனைவிட எளிது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்த பிறகு சாவடி சாவடியாக ஓட்டு எண்ணப்படுகிறது. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று படிவம் 20 என்ற தாளில் அச்சாகிறது. அது பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணம். பழைய தேர்தலின் படிவம் 20ஐயும் அந்தந்தச் சாவடி எந்த ஊர் என்ற பட்டியலையும் எடுத்து, புதிய எல்லைக்குள் வரும் சாவடிகளை மட்டும் கூட்டினால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும் கூட்டல். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், பெரிய சாவடியை இரண்டாகப் பிரிப்பார்கள், தபால் ஓட்டு சாவடிக் கணக்கில் வராது. இந்த மூன்றையும் கவனித்தால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும்.

ஆனால் தோழர்களே, இந்த வசதிக்குள்ளே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கணக்குப் போடும் நமக்குத் தெரிவது, ஜெயித்தவருக்கும் தெரியும், தோற்றவருக்கும் தெரியும். ஒரு சாவடியில் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே மொழி, ஒரே காலனி மக்கள் என்றால், அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பது பகிரங்கம். "எங்களுக்குப் போடாத தெருவுக்கு எதற்குக் குழாய்?" என்று கேட்பவருக்கு அது ஆயுதம். காகித ஓட்டுச் சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. இயந்திரத்துக்கும் அப்படி ஒரு கருவி வேண்டும், பல சாவடிகளைச் சேர்த்து மொத்தம் மட்டும் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008இல் யோசனை சொன்னது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆம் அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்றுக்கொள்ளவில்லை.

இதில் நாம் என்ன நிலை எடுப்பது? சிறு கூட்டமாக வாழும் நமக்கு ரகசியம்தான் பெரிது என்பது என் கருத்து. கணக்கு சற்று மங்கலாகட்டும், பரவாயில்லை. பிரிட்டனில் மதிப்பிட்டுத்தானே காலம் தள்ளுகிறார்கள்? ஏழையின் ஓட்டு யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அந்த ஓட்டின் பலம். ஆனால் தாள் வெளிவரும்வரை அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிலும் இருக்க வேண்டும். எதிராளி மட்டும் படித்து, நாம் படிக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இனி வரப்போகும் கோடு

2001இல் செய்த 84ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் சென்சஸ் புள்ளிவிவரம் வெளிவரும்வரை தொகுதிகளின் எண்ணிக்கையை மாற்றக் கூடாது என்று நிறுத்தியது. 2027 மார்ச் 1ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு அடுத்த சென்சஸ் நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. ஆகவே மறுபடி ஒரு முறை பேனா எடுக்கப்படும் காலம் நெருங்குகிறது. மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்ற சண்டை பெரியவர்களின் சண்டை. அதில் தமிழகமும் கேரளமும் ஒரே பக்கம் நின்று குரல் கொடுத்திருக்கின்றன. ஆனால் நம் ஊர் எந்தத் தொகுதியில் என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டத்தில், தொகுதி நிலத்தால் அடக்கமாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, இருக்கும் நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் வசதி இவற்றைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மொழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "நாங்கள் தமிழர், எங்களைச் சேர்த்து வையுங்கள்" என்று மட்டும் மனு எழுதினால் அது காதில் விழாது. "இந்த ஐந்து ஊருக்கும் ஒரே சந்தை, ஒரே பஸ் பாதை, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாய்க்கால், பிரித்தால் பொதுமக்களுக்கு இடைஞ்சல்" என்று எழுதினால் அது சட்டத்தின் மொழி. அதிகாரியிடம் அவர் காதுக்கு எட்டும் மொழியில் பேச வேண்டும்.

இன்னொரு முக்கிய வித்தியாசம். பிரிட்டனில் பதிவான வாக்காளர்களின் எண்ணிக்கையை வைத்துக் கோடு போடுகிறார்கள். இங்கே சென்சஸ் மக்கள்தொகையை வைத்து. அங்கே பட்டியலில் பெயர் இல்லாதவன் கணக்கிலேயே இல்லை. இங்கே ஓட்டு வயது வராத குழந்தையும் கணக்கில் உண்டு. ஆகவே சென்சஸ்காரர் கதவைத் தட்டும்போது அலட்சியம் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று. கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருங்கள். சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் குடும்பங்கள் குழந்தைகள் பெயரோடு எல்லாரையும் சொல்லுங்கள். தாய்மொழி எது என்ற கேள்விக்குத் தமிழ் என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். பிற மொழி என்ன தெரியும் என்று கேட்டால் மலையாளம் என்பதையும் சொல்லுங்கள். மலையாளம் பேசுவதால் தமிழர் குறைந்துபோவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நமக்குப் பகைவரும் அல்லர்.

இரண்டு. வாக்காளர் பட்டியலில் ஓர் இடத்தில் மட்டும் பெயர் இருக்கட்டும். எல்லையின் இரு பக்கமும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அது கண்டுபிடிக்கப்பட்டால் ஒருவர் பெயர் மட்டும் அல்ல, ஊரின் நேர்மையே சந்தேகத்துக்கு ஆளாகும். நீங்கள் வழக்கமாக வாழும் இடம் எதுவோ அங்கே பதியுங்கள்.

மூன்று. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதும்போது இதையும் சொல்லுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர், தன் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. ஆனால் ஓட்டுப் போட நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனை தளர வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

நான்கு. கிளைக்கு இருவர், கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைகளாகப் பார்த்து, நம் சாவடிகளின் படிவம் 20 தாள்களை 2011இலிருந்து வரிசையாகச் சேர்த்து வையுங்கள். எந்தச் சாவடிக்கு எந்தத் தெருக்கள் என்றும் எழுதி வையுங்கள். ஆனால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று வெளியே பேசாதீர்கள். அது கணக்குக்கு மட்டும்.

ஐந்து. ஆணையம் வரைவை வெளியிட்டதும் ஆட்சேபம் கேட்கும், பொது விசாரணையும் நடக்கும். இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றத்தில் அதை எதிர்ப்பதை அரசியல் சட்டமே தடுத்திருக்கிறது. ஆகவே அழுவதாக இருந்தால் ஆணை வருவதற்கு முன்பே அழ வேண்டும்! மனுவில் நான் சொன்ன கூட்டலைச் சேருங்கள். எந்தக் கட்சிக்கு லாபம் என்ற கணக்கை அல்ல. எத்தனை மக்கள், எத்தனை தூரம், எந்தச் சாலை, எந்த வாய்க்கால் என்ற கணக்கை.

ஆறு. தமிழில் எழுதவே தயங்காதீர்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தந்தது. பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்த மண்வெட்டி மாதிரி. தேவைப்படும் நாளில் வெட்டாது.

தோழர்களே! நமக்கு ஜமீன் இல்லை, ஆலை இல்லை, பத்திரிகை முதலாளி இல்லை. இருப்பது ஆளுக்கு ஓர் ஓட்டு. அந்த ஓட்டை எந்தப் பெட்டியில் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பது, அதை யாருக்குப் போடுகிறோம் என்பதைப்போலவே முக்கியம். 1956இல் கோடு போட்டபோது நம் முன்னோர் உயிரைக் கொடுத்துக் குரல் கொடுத்தார்கள். 2008இல் கோடு போட்டபோது நம்மில் பலருக்கு அது நடந்ததே தெரியாது. அடுத்த கோடு போடும்போது பென்சிலோடும் தாளோடும் நாம் தயாராக இருப்போம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.